மனைப்புறச் சுவர்

வீடு கட்ட விழைவோர் அறைகள் எத்தனை, வாயில் எத்திசை, கூரை எவ்வகை என்பவற்றைப் பல நாள் ஆராய்வர். கிணற்றுக்கு இடம் குறிக்க வல்லாரை அழைத்துக் கேட்பர். ஆயின், மழையும் வெயிலும் உப்புக் காற்றும் நாடோறும் தாக்கும் புறச்சுவரை எப்பொருளால் எழுப்புவது, எப்பொருளாற் பூசுவது என்ற வினா மட்டும், அயலவர் செய்தது யாது என்று நோக்கிய அளவிலே முடிந்துவிடுகின்றது. உடலுக்குத் தோல் எத்தகையதோ மனைக்குப் புறச்சுவர் அத்தகையது. தோல் வியர்வையை வெளிவிடாது அடைத்துக்கொள்ளுமாயின் உடல் நலிவது போலவே, சுவரும் தன்னுட் புகுந்த ஈரத்தை வெளிவிட இயலாதாயின் நலிவடையும். இவ்வுண்மையை உணராது செய்யும் தெரிவினால் ஒரு குடும்பம் ஆயுட்காலத்தில் ஈட்டிய பொருள் சில ஆண்டுகளிற் பொருக்காய் உதிர்வதுண்டு. 2009ஆம் ஆண்டிற்குப் பின்னர் வடபுலத்தில் எண்ணற்ற மனைகள் புதிதாக எழுந்தன. இடிந்தவை பல திருத்தப்பட்டன. ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடைத்து.

புறச்சுவரின் கடன்கள்

புறச்சுவருக்குரிய கடன்கள் ஐந்து எனலாம். கூரையின் பாரத்தைத் தாங்குதல் ஒன்று. மழைநீரை உள்ளே விடாது தடுத்தல் இரண்டு. எவ்வாறேனும் உட்புகுந்த ஈரத்தை விரைவில் உலரவிடுதல் மூன்று. வெயிலின் வெப்பம் உள்ளறையை அடையாது தணித்தல் நான்கு. பழுதுற்றவிடத்து எளிதிலே திருத்தத்தக்கதாய் இருத்தல் ஐந்து. இவற்றுள் முதலிரண்டையும் யாவரும் அறிவர். மூன்றாவது கடனே பெரும்பாலும் மறக்கப்படுவது.

கல்லாயினும் செங்கல்லாயினும் சீமெந்துக் கல்லாயினும் நுண்டுளைகள் இல்லாத சுவர் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நிலத்தின் ஈரம் இத்துளைகளின் வழியே மேலேறுகின்றது. இதனையே பௌதிக நூலார் மயிர்த்துளைமை என்பர். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்திற்கு நீர் ஏறும். இதனைத் தடுத்தற்பொருட்டே அத்திவாரத்திற்கு மேலே, சுவர் தொடங்குமிடத்தில், தார் முதலியவற்றால் ஈரந்தடுக்கும் படை ஒன்று இடுவர். பழைய மனைகள் பலவற்றில் இப்படை இல்லை. எனினும் அவை நூறாண்டு கடந்தும் நிலைத்தன. ஏறிய ஈரம் சுவரின் முகத்தால் ஆவியாகி வெளியேற அவற்றின் பூச்சு இடங்கொடுத்தமையே அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது.

பிறநாட்டு வழக்கு

ஒவ்வொரு நாடும் தன்னிடத்துக் கிடைக்கும் பொருளையும் தன் வானிலையையும் நோக்கியே மனைக்குப் போர்வை அமைத்துக்கொண்டது. காடு மலிந்த ஸ்கந்திநேவிய நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சிறிது கவியுமாறு அறைந்து புறச்சுவரை மூடுவர். மீனின் செதில்போல் அமைந்த அப்பலகைகளில் விழுந்த நீர் உட்செல்லாது வழிந்தோடும். பலகைக்கும் உட்சுவருக்கும் இடையே சிறிது வெளி விடுதலும் உண்டு. தப்பிப் புகுந்த ஈரத்தை அவ்வெளியிலே உலாவும் காற்று உலர்த்திவிடும். இங்கிலாந்தின் மழை மிக்க மேற்குப் பகுதிகளிற் கற்பலகைகளைச் சுவரிலே தொங்கவிடும் வழக்கம் இருந்தது. 1829ஆம் ஆண்டிலே ஹென்றி றொபின்சன் பாமர் என்பவர் நெளிதகட்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றபின், நாகம் பூசிய தகரம் உலகெங்கும் பரவியது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் பீ.வீ.சீ. எனப்படும் பிளாத்திக்குப் பலகைகள் மரத்தின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டன.

இவ்வழக்கங்களை அப்படியே பெயர்த்து வந்து வெப்ப நாட்டில் நாட்டுதல் பொருந்தாது. மரப்பலகைக்கு இங்கே கறையான் பகை. பீ.வீ.சீ. பலகை வெப்பத்தில் மென்மையுற்று நெளியும். தகரம் நண்பகலில் அடுப்பாகும். கடலோரத்தில் அதன் நாகப்பூச்சு நெடுநாள் நில்லாது. ஆயினும் அந்நாட்டாரிடம் கற்கத்தக்க விதி ஒன்றுண்டு: நீரைத் தடுப்பதோடு அமையாது, தடுப்பைக் கடந்து வந்த நீருக்கு வெளியேறும் வழியும் வைத்தல் வேண்டும் என்பதே அது.

யாழ்ப்பாணத்து நிலமும் காலநிலையும்

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் படையின்மீது அமைந்தது. தோண்டினாற் கல் தோன்றாத ஊர் அரிது. ஆண்டு மழை ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்களிலே பெய்துவிடும். அக்காலத்து மழை வாடையோடும் கொண்டலோடும் சாய்ந்து வந்து வடக்கு, கிழக்குச் சுவர்களைத் தாக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகமோ மழையைத் தாராது, கடலின் உப்பையும் தரையின் புழுதியையும் கொணர்ந்து தெற்கு, மேற்குச் சுவர்களிற் படியச் செய்யும். எனவே இங்குள்ள புறச்சுவர் ஆண்டில் மூன்று திங்கள் நனைந்தும், எஞ்சிய திங்களில் வெயிலிற் காய்ந்தும், எக்காலத்தும் உப்பை ஏற்றும் நிற்பது.

பண்டைப் பொருள்கள்

முன்னோர் கையாண்ட பொருள்களுள் எளியது மண். குழைத்த மண்ணாற் சுவர் வைத்து, சாணத்தால் மெழுகி, பனையோலையோ கிடுகோ வேய்ந்த வீடு வெயிற்காலத்திலே தண்ணென்றிருக்கும். ஈரத்தை ஏற்றலும் விடுதலும் மண்ணுக்கு இயல்பு. ஆயின் சாய்மழை அதற்குக் கூற்று. அதுபற்றியே மண் வீட்டின் இறவாரத்தை ஓராள் குனிந்து நுழையுமளவு தாழ்த்தி வைத்தனர். சுவருக்குக் குடை பிடித்தல் என்னும் இத்தந்திரம் எப்பொருளாலான சுவருக்கும் பொருந்துவதே.

அடுத்தது கல். சுண்ணக்கல்லைச் சதுரமாகப் பொழிந்து அடுக்கிய பொழிகற் சுவர்களும், கடற்கரையோரத்தில் முருகைக்கல்லாற் கட்டிய சுவர்களும் குடாநாட்டிலும் தீவகத்திலும் இன்றும் உள. நெடுந்தீவிலே சாந்தின்றி முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய மதில்களைக் காணலாம். போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அமைத்ததும், 1658ஆம் ஆண்டிலே அதனைக் கவர்ந்த ஒல்லாந்தர் விரித்துக் கட்டியதுமான கோட்டையிலும் முருகைக்கல் பெருவாரியாகக் கையாளப்பட்டது. ஆயினும் முருகைக்கல் இன்று தெரிவுக்குரிய பொருளன்று. கரையோர வலயத்திற் பவளம் அகழ்தல் சட்டத்தினாலே தடுக்கப்பட்டுள்ளது. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பது பவளப் பாறையே ஆதலின் அத்தடை தக்கதே.

ஒன்றரை அடி கனமுள்ள கற்சுவரிலே பகல் வெப்பம் மெல்ல மெல்லவே ஊடுருவும். உட்புறத்தை அது அடையுமுன் கதிரவன் மறைந்துவிடுவான். நாற்சார் வீட்டின் நடு முற்றமும், சுற்றியோடும் தாழ்வாரமும், முகப்பில் அமைந்த திண்ணையும் இச்சுவருக்கு உறுதுணையாயின. வெயில் சுவரைத் தீண்டாமற் காத்தலும், இரவிற் சுவர் விடும் வெப்பத்தை முற்றத்துக் காற்று கொண்டுசெல்லலும் ஒருங்கே நிகழ்ந்தன.

சுண்ணாம்பும் சீமெந்தும்

கல்லைப் பிணித்ததும் பூசியதும் சுண்ணாம்புச் சாந்தே. அதன் வரலாறு ஓர் அழகிய இரசாயன வட்டம். கல்சியங் காபனேற்றாகிய சுண்ணக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சுட்டால், தூய கல் 100 கிலோகிராமிலிருந்து 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வாயுவாகிப் பிரிய, 56 கிலோகிராம் நீறாச் சுண்ணாம்பு எஞ்சும். நீர் வார்க்க அது கொதித்து நீறிக் கல்சியம் ஐதரொட்சைட்டாகும். அதனை மணலுடன் சேர்த்துப் பூசியபின், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாக உண்டு மீண்டும் சுண்ணக்கல்லாக மாறும். கல்லிற் பிறந்து கல்லாகவே முடியும் இம்மாற்றம் முற்றுப்பெறப் பல திங்கள் செல்லும். நீறிய சுண்ணாம்பைத் தொட்டியில் நீருள் நெடுநாள் ஊறவிடுதலும், கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டிக் கரைசலும் சேர்த்து அரைத்தலும் தமிழ்நாட்டுக் கொத்தர் கையாண்ட முறைகள். செட்டிநாட்டு மாளிகைகளின் பளபளக்கும் பூச்சிலே முட்டை வெண்கருவும் சேர்ந்தது. கோபுரங்களிற் பொலியும் சுதைச் சிற்பங்களும் இச்சுண்ணச் சாந்தின் ஆக்கமே.

சீமெந்தின் வரலாறு வேறு. 1824ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் யோசப் அஸ்ப்டின் என்னும் கொத்தர், தாம் ஆக்கிய பொருள் போட்லந்துக் கல்லை ஒத்திருந்தமையால் அதற்குப் போட்லந்துச் சீமெந்து எனப் பெயரிட்டு உரிமை பெற்றார். சுண்ணக்கல்லையும் களியையும் கூட்டி, 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுட்டு அரைப்பதே இன்றைய சீமெந்து. அது காற்றை நம்பியிராது. நீரோடு கூடிச் சில மணி நேரத்தில் இறுகும். குடாநாட்டிலே காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி 1990ஆம் ஆண்டில் நின்றது. அக்காலப் பகுதியிற் சீமெந்து வீட்டுக்கு வீடு புகுந்தது; சுண்ணாம்புச் சூளைகள் அருகின; சுண்ணச் சாந்து கூட்டத் தெரிந்த மேசன்மாரும் அருகினர்.

சீமெந்தைப் பழித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்திவாரத்திற்கும் வளைக்கும் தளத்திற்கும் அதனினும் ஏற்ற பொருள் இன்றில்லை. விரைவும் வலிமையும் அதன் சிறப்புக்கள். ஆயின் மென்மையான பழைய கற்சுவரின்மீது வலிய சீமெந்துப் பூச்சை இடுதல் பெரும்பிழை. காரணம் இரண்டு. வெயிலிற் கல்லும் பூச்சும் விரிந்து, குளிரிற் சுருங்கும். சுண்ணப் பூச்சு நெகிழ்ந்து கொடுக்கும். சீமெந்துப் பூச்சு விறைப்பானது ஆதலின் மயிரிழைபோல் வெடிக்கும். அவ்வெடிப்பினூடே மழைநீர் புகும். புகுந்த நீர் வெளியேறுதற்குச் சீமெந்தின் நெருங்கிய அமைப்பு எளிதில் இடந்தராது. வாயிலில் நுழைந்த கள்வன் வெளியேற வழியின்றி உள்ளேயே இருந்து கேடு செய்வதை ஒக்கும் இது.

எனவே பூச்சு பற்றிய முதல் விதி இதுவாகும்: பூச்சு, தான் மூடும் சுவரினும் மென்மையுடையதாயிருத்தல் வேண்டும். கேடு வருமிடத்துப் பூச்சு அழிந்து சுவரைக் காத்தலே முறை. பூச்சைப் பத்தாண்டுக்கொருமுறை புதுக்கலாம். சுவரைப் புதுக்குதல் எளிதன்று. பூச்சு நின்று சுவர் அழியுமாயின் அது காவலாளி தப்பி அரசன் மடிந்த கதையாகும்.

உப்பு என்னும் பகை

கடலோர மனைகளின் சுவரடியிலே வெண்பொடி பூத்துப் பூச்சு பொருபொருத்து உதிர்தலைப் பலரும் கண்டிருப்பர். இதனை உவர் பூத்தல் என்பர். நிலத்தின் ஈரத்தோடு கரைந்தேறிய உப்பு, நீர் ஆவியாகுமிடத்திலே பளிங்காகப் படிகின்றது. வளரும் பளிங்கு நுண்டுளையின் சுவரை நெருக்கிப் பிளக்கும். சுண்ணப் பூச்சிலே ஆவியாதல் பூச்சின் புறமுகத்தில் நிகழ்வதால் உப்பு வெளியே பூக்கும்; அதனைத் துடைப்பத்தாற் கூட்டிவிடலாம். நெருங்கிய பூச்சிலோ உப்பு பூச்சின் பின்னே, கல்லின் முகத்திலே படியும். வெளியே ஒன்றும் தோன்றாதிருக்க, உள்ளே கல் மாவாகிக்கொண்டிருக்கும். பளபளக்கும் நெய்வண்ணத்தை அதன்மேற் பூசுதல் நோயை மறைத்து வளர்ப்பதாகும்.

நிலத்திலிருந்து ஏறும் உப்பேயன்றி, மனையுடையார் தாமே விலைகொடுத்து வாங்கும் உப்பும் உண்டு. கழுவாத கடல்மணலே அது. கடல்நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அந்நீர் உலர்ந்த மணலைச் சாந்திற் கலந்தால், உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துச் சுவரை எந்நாளும் நனைவாக வைத்திருக்கும். கம்பியிட்ட கொங்கிறீற்றில் அம்மணல் சேருமாயின் கேடு இன்னும் பெரிது. குளோரைட்டு கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்ளுமாதலிற் கொங்கிறீற்று வெடித்து விழும்.

மணலில் உப்புண்டா என்பதைக் கல்லூரி ஆய்கூடத்திலேயே அறியலாம். சிறிது மணலைக் காய்ச்சி வடித்த நீரிலே குலுக்கி, தெளிந்த நீரில் ஐதான நைத்திரிக்கமிலம் சில துளியும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சில துளியும் விட வேண்டும். தயிர்போன்ற வெண்வீழ்படிவு தோன்றுமாயின் குளோரைட்டு உண்டு. கிணற்றுநீரைக் கொண்டு இச்சோதனை செய்தல் பயனற்றது. அந்நீரிலேயே குளோரைட்டு இருத்தல் கூடும். மாணவர் பாடமாகப் பயிலும் ஒரு சோதனை ஒரு வீட்டின் ஆயுளை நீட்டவல்லது என்பது சிந்திக்கத்தக்கது.

இன்றைய பொருள்கள்

இன்று பெரும்பான்மையாகக் கையாளப்படுவது சீமெந்துக் கல். இடத்திலேயே அரியலாம், வேலை விரைவில் முடியும். அதன் குறைகள் செய்முறையைப் பற்றியவை. சீமெந்தைக் குறைத்தும், அரிந்த கல்லை நிழலில் வைத்துப் பல நாள் நீர் தெளிக்காது வெயிலிற் காயவிட்டும் செய்த கல் விரலால் உரச உதிரும். நான்கு அங்குலக் கற்சுவர் மேல்வெயிலை மாலைக்குள்ளேயே உட்புறம் சேர்த்துவிடும். மேற்குச் சுவரையேனும் ஆறு அங்குலமாக்கி, அப்புறம் ஒரு விறாந்தையோ நிழல்மரமோ அமைத்தல் நன்று. இச்சுவருக்குச் சீமெந்து ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்னும் கலப்புப் பூச்சு பொருத்தமானது. அது சீமெந்தின் விரைவையும் சுண்ணாம்பின் நெகிழ்ச்சியையும் ஓரளவு ஒருங்கே உடையது.

நன்கு சுட்ட செங்கல் மழைக்கும் வெயிலுக்கும் ஒருங்கே ஈடுகொடுக்கும். சுண்ணக்கற் குடாநாட்டிற் செங்கல்லுக்கேற்ற களி அரிதாதலின் பெருநிலப்பரப்பிலிருந்து கொணர்தல் வேண்டும். அதனால் விலை கூடும். ஆயின் நல்ல செங்கற் சுவருக்குப் புறப்பூச்சு வேண்டியதில்லை. கேரளத்திற் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லோறி பேக்கர் (1917–2007) பூசாத செங்கற் சுவர்களாலே வறியோர்க்கும் செல்வர்க்கும் மனைகள் அமைத்தார். செங்கற்களை நிறுத்தி அடுக்கி இடையே வெற்றிடம் விடும் கட்டுமுறையால் அவர் கல்லின் தொகையைக் குறைத்து, வெப்பத்தையும் தணித்தார். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்களவிற் சீமெந்து சேர்த்துப் பொறியால் அழுத்திய மண்கல்லும் இன்று உண்டு. சுடுவதற்கு விறகு வேண்டாமை அதன் சிறப்பு. தோட்டத்துச் செம்மண்ணை இதற்கென அகழ்தல் மட்டும் தகாது.

கல்நார்த் தகடுகளை மறைப்பாகவும் சுவராகவும் நிறுத்துதல் விலக்கத்தக்கது. கல்நாரின் எல்லா வகையும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது. முன்னரே உள்ள தகட்டை அறுத்தல், துளைத்தல், உடைத்தல் ஆகியவற்றாற் கண்ணுக்குப் புலனாகாத நார் காற்றிற் கலக்கும். ஆதலின் அதனைக் கழற்றுவோர் நீரால் நனைத்து உடையாமற் கழற்றுதல் வேண்டும்.

வெள்ளையடித்தலின் பயனும் ஈண்டுக் கூறத்தக்கது. புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மீது விழும் ஒளியிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கருநிறம் அதனை உண்டு வெப்பமாக்கும். திருநாளுக்கு முன்னர் வெள்ளையடிக்கும் நம் வழக்கம் மங்கலத்தோடு குளிர்ச்சியையும் தருவது. சுண்ண நீர் நுண்ணிய வெடிப்புக்களையும் நிரப்பும். சுவரின் மூச்சையும் அடைக்காது.

நிலத்தடி நீரும் சுவரும்

இத்தெரிவில் மனையின் எல்லையைக் கடந்த பொறுப்பும் ஒன்றுண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிற்கு உயிர்நிலை நிலத்தடி நீர். மாரியில் ஓடும் வழுக்கியாறும் கோடையில் வறளும். சுண்ணக்கற் படையின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மீது மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் தாங்கப்படும் என்பது நீர்நூலார் கணிப்பு. மேலே ஓரடி குறைந்தாற் கீழே 40 அடி உவராகும் என்பதும் அதன் மறுதலை. கல்லுக்காகவும் சுண்ணாம்புக்காகவும் நீர்மட்டத்திற்குக் கீழே அகழ்ந்தால், மூடியிருந்த நீர் வெயிலுக்கும் மாசுக்கும் திறந்துவிடப்படும். காங்கேசன்துறைப் பகுதியில் எஞ்சிநிற்கும் பெருங்குழிகள் இதற்குச் சான்று. மணற்காட்டு மணற்குன்றுகளை வாரினால் காற்றுக்கும் அலைக்கும் அரணாய் நின்றவை அழியும்.

ஆகவே, பழைய சுண்ணாம்பு முறையைப் போற்றுவோர் புதிய மனைகள் யாவற்றையும் புதிய பொழிகல்லாற் கட்டுக எனக் கூறுதல் பொருந்தாது. உள்ள கல்லை மீளக் கையாளுதலே அறிவுடைமை. இடிந்த மனையின் பொழிகல் நூறாண்டு கண்டது. இன்னும் நூறாண்டு காண வல்லது. அதனைச் சல்லியாக உடைத்துப் பாதைக்கு நிரப்புதல் பொன்னை உருக்கி ஆணி செய்வதை ஒக்கும்.

தெரிவு முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில வழிகள் புலனாகும். பழைய கற்சுவரைத் திருத்துவோர் சீமெந்துப் பூச்சை மெல்ல நீக்கி, சுவரை ஒரு கோடைகாலமேனும் உலரவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்கும் உப்பற்ற மணல் மூன்று பங்கும் சேர்த்த சாந்தாற் பூசி வெள்ளையடித்தல் வேண்டும். புதிதாகக் கட்டுவோர் ஈரந்தடுக்கும் படையையும், இரண்டடிக்குக் குறையாத இறவாரத்தையும், கழுவிய மணலையும் முதலிலே உறுதிசெய்துகொண்டு, அதன்பின் பொருளைத் தெரிதல் தகும். பொருள் எதுவாயினும், இது நனைந்தால் எவ்வாறு உலரும், பழுதுற்றால் ஊரிலுள்ளார் திருத்த வல்லரோ, அழிந்தால் எஞ்சுவது நிலத்திற்குத் தீங்கோ என்னும் மூன்று வினாக்களையும் கேட்டல் நலம்.

சுண்ணாம்பு முறைக்கு இன்று செலவு கூடும் என்பதும், காலம் நீளும் என்பதும் மெய். ஆயின் முதற்செலவை மட்டும் எண்ணுதல் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவதாகும். மூன்றாண்டுக்கொருமுறை பெயர்ந்து விழும் பூச்சின் செலவு மறுபக்கத்திலே நிற்கின்றது. அன்றியும், சாந்து கூட்டும் பக்குவத்தைக் கையால் அறிந்த முதியோர் இன்னும் சிலரே உளர். அவர்களிடம் இளைய மேசன்மார் கற்கும் வாய்ப்பு ஒவ்வோராண்டும் குறுகி வருகின்றது. நூலில் எழுதிய அளவாற் பக்குவம் கைவராது. பழைய மனை ஒன்றைத் திருத்தும் ஒவ்வொருவரும் அம்முதியோருள் ஒருவரை அழைத்து, அவரருகே ஓர் இளைஞரையும் நிறுத்துவாராயின், சுவரோடு அத்தொழிலும் நிலைபெறும்.